இரவில் வாக்காளரைத் தேடி வருகிற அரசு

முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 60 வயது முதல் 79 வயது வரை இதுதான்; 80 வயதைத் தொட்டவருக்கு 500. 2007-ல் இந்தத் திட்டத்துக்கு இந்திரா காந்தியின் பெயரைச் சூட்டியபோதும் 200 ரூபாய், இன்றும் 200 ரூபாய். இடையில் அரிசி விலை ஏறியது, பஸ் கட்டணம் ஏறியது, நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளமும் ஏறியது. தமிழ்நாடு அரசு தன் பணத்தைப் போட்டு இதை 2011-ல் 1,000 ரூபாயாகவும் 2023-ல் 1,200 ரூபாயாகவும் உயர்த்தியது. தருமபுரியில் வழக்கறிஞராக இருக்கும் என்னிடம் “ஓ.ஏ.பி. (முதியோர் ஓய்வூதியம்) நின்றுவிட்டது ஐயா” என்று வருபவர்கள் இந்த 1,200 ரூபாயைத்தான் தேடி வருகிறார்கள்.

முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகள் எல்லாருக்கும் சேர்த்து 2024-25 மத்திய நிதிநிலை அறிக்கை ஒதுக்கியது 9,652 கோடி ரூபாய். அதே ஆண்டு சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்குச் சுமார் 2.78 லட்சம் கோடி. சாலைக்கு எதிராகப் பேசுவதாக நினைக்க வேண்டாம். தொப்பூர் கணவாயில் லாரிகள் புரண்டு எத்தனை குடும்பங்கள் சீரழிந்தன என்பதை விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்தும் நான் அறிவேன். அந்தச் சாலை சீராகத்தான் வேண்டும். சாலைக்கான ஒதுக்கீடு ஆண்டுதோறும் மறுபரிசீலனைக்கு வருகிறது, முதியவரின் 200 ரூபாய் மட்டும் ஏன் வருவதில்லை என்பதே என் கேள்வி.

தொகை சிறியது என்பது பாதிக் கதைதான். அந்தச் சிறிய தொகையும் யாரிடம் போய்ச் சேருகிறது, வீடற்றவரிடம் சேருகிறதா என்று பார்த்தால் மீதிக் கதை விளங்கும். பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தின் விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் 2023 ஜூலை 24 அன்று நம் மாவட்டத்துத் தொப்பூரில்தான் தொடங்கிவைத்தார். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-ல் வேர்விட்டதும் தருமபுரியில்தான் என்பதால் அந்தத் தேர்வில் ஒரு நியாயம் இருந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இன்று பணம் போகிறது, நல்ல திட்டம். ஆனால் அதன் வாசற்படி ரேஷன் கார்டு. தருமபுரிப் பேருந்து நிலையத்தில் சாக்கை விரித்துப் படுக்கிற பெண்ணிடம் ரேஷன் கார்டு இல்லை. தொப்பூர் பக்கத்தில் இருந்தும் அந்த முகாம் அவளுக்கானதாக இல்லை.

வீட்டுத் திட்டத்திலும் இதே நிலைதான். கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள். 2030-க்குள் குடிசையில்லாத் தமிழகம் என்பது இலக்கு. குடிசை போட மனை வைத்திருப்பவருக்கு இது பெரிய வரம். மனையே இல்லாதவருக்கு இத்திட்டத்தில் இடமில்லை. அவர் முதலில் இலவச வீட்டுமனைப் பட்டா வாங்க வேண்டும். பட்டா வாங்கியும் நிலத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள் என்னிடம் வழக்குக் கொடுத்தவர்களிலேயே உண்டு. அளந்து கல் நட்டுக் காட்டாத பட்டாவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

பென்னாகரம் பக்கத்து அம்மா ஒருவர் இருக்கிறார். கல்யாணமான புதிதில் கணவரோடு பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்குப் போனவர். எழும்பும் கட்டடத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகை, கட்டடம் முடிந்தால் அடுத்த கொட்டகை. கர்நாடகத்தில் கார்டு வாங்கவில்லை. பிறந்த வீட்டுக் கார்டில் கல்யாணத்தின்போதே பெயரை நீக்கிவிட்டார்கள். கணவர் இறந்தபின் ஊருக்குத் திரும்பினார். தம்பி வீட்டில் கொஞ்ச நாள், பிறகு கோவில் மண்டபம். முதியோர் உதவித்தொகை கேட்டுப் போன அலுவலகத்தில் கார்டு கேட்டார்கள். கார்டு கேட்டுப் போன அலுவலகத்தில் வீடு எங்கே, தனிச் சமையல் உண்டா என்று கேட்டார்கள். மூன்று கல்லை வைத்துச் சமைப்பதைத் தனிச் சமையல் என்று எழுத அவர்களுக்குக் கை வரவில்லை. தவறு அந்த எழுத்தரிடம் மட்டும் இல்லை. அவர் நிரப்ப வேண்டிய படிவத்தில் கதவு எண்ணுக்குக் கட்டம் இருக்கிறது, மண்டபத்துக்குக் கட்டம் இல்லை.

அந்த அம்மாவுக்குக் கடைசியில் வழி திறந்தது ஆதார் மூலம். முகவரிச் சான்று இல்லாதவருக்கு வட்டாட்சியரோ, சட்டமன்ற உறுப்பினரோ, அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியோ குறிப்பிட்ட படிவத்தில், புகைப்படத்தின் மேல் கையெழுத்திட்டுச் சான்றளித்தால் ஆதார் ஆணையம் ஏற்றுக்கொள்ளும். அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் கண்காணிப்பாளரும் தன் இல்லவாசிகளுக்கு இதைத் தரலாம். படிவம் ஒரே பக்கம். கையெழுத்துப் போடுபவரைக் கண்டுபிடிப்பதுதான் வேலை, “நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?” என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது.

இதே அரசின் இன்னொரு கை எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். வீடற்ற குடிமகனும் படிவம் 6 கொடுத்து வாக்காளராகலாம் என்கிறது தேர்தல் ஆணையத்தின் விதி. அவர் எழுதிக்கொடுத்த இடத்துக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் போக வேண்டும். ஒரு நாளோடு நிற்கக் கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் போய், அந்த ஆள் உண்மையிலேயே அங்கேதான் படுக்கிறார் என்று பார்க்க வேண்டும். பார்த்து உறுதியானால் குடியிருப்புக்கான ஆவணம் எதுவும் தேவையில்லை. நானும் கேட்டு வற்புறுத்தித்தான் இதை நடத்திக் காட்ட முடிந்திருக்கிறது. தானாக யாரும் டார்ச் விளக்கோடு வருவதில்லை. ஆனாலும் விதி இருக்கிறது. வாக்குக்காக மண்டபத்தை முகவரியாக ஏற்கும் அரசு, ஓய்வூதியத்துக்கும் ரேஷனுக்கும் அதே இரவுச் சோதனையை ஏன் ஏற்கக் கூடாது? இதற்குப் புதிய நிதி வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும். கிராம நிர்வாக அலுவலர் இரவில் ஒரு நடை போய்வர வேண்டும், அவ்வளவுதான்.

எண்ணிக்கையில் வராதவருக்கு ஒதுக்கீடு வராது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு இருப்பதைத் தண்ணீர் மாதிரிகள் எடுத்து ஊர் ஊராகக் காட்டினார்கள். பிள்ளைகளின் பற்களில் கறை தெரிந்தது. ஜப்பானியக் கடனோடு 1,928 கோடி ரூபாய்த் திட்டம் பிறந்து, 2013-ல் காவிரி நீர் வந்தது. அரசால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். வீடற்றவர்களின் கணக்கோ, மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஒரே இரவில் எடுக்கப்படுவது. 2011 பிப்ரவரி 28 இரவு எண்ணியதில் நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேர். அன்றிரவு எண்ணுபவரின் கண்ணில் படாதவர் இல்லாதவரே. அடுத்த கணக்கு 2027-ல்தான்.

தங்குமிடம் பற்றிய விதியும் பெரிய ஊர்களை நினைத்தே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு லட்சம் நகர மக்களுக்கு நூறு பேர் தங்கும் இல்லம், ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி என்றன 2024-ல் முடிந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டு நெறிமுறைகள். தருமபுரி, கிருஷ்ணகிரி நகரங்கள் இரண்டுமே 2011 கணக்கில் ஒரு லட்சத்துக்குக் கீழே. அதைவிட, தருமபுரி மாவட்டத்தில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கிராமத்தில் வாழ்கிறார்கள். அந்த நெறிமுறைகளோ நகரத்தோடு நின்றுவிட்டன. கிராமத்தில் வீடற்றவரே இல்லை என்பது கோப்புகளின் நம்பிக்கை. இதற்கிடையில் 1945-ம் ஆண்டுப் பிச்சையெடுத்தல் தடைச் சட்டம் மட்டும் உயிரோடு இருக்கிறது. பிச்சையெடுப்பவரைப் பிடிக்கச் சட்டம் உண்டு. அவர் படுக்க இடம் தருவதற்கோ வெறும் வழிகாட்டு நெறிமுறைதான்.

முதியவர்கள் வீட்டை இழக்கும் வழி ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தடுக்கக்கூடியது. பாலக்கோடு, அரூர் பக்கங்களிலிருந்து வரும் வழக்குகளில் நிலத்தையும் வீட்டையும் மகன் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்துவிட்டு, பிறகு திண்ணைக்கும் வழியில்லாமல் போனவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-ன் 23-ம் பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் “என்னைப் பராமரிக்க வேண்டும்” என்ற நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் கூறியது. 2025 ஜனவரியில் இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகவே படிக்க வேண்டும் என்றது. பத்திர எழுத்தரிடம் அந்த ஒரு வரியை எழுதச் சொல்லத் தயங்காதீர்கள். “பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா?” என்று கேட்பவர்கள் பின்னால் வருவதில்லை. விண்ணப்பம் வருவாய் கோட்டாட்சியரிடம். பராமரிப்புத் தொகை மாதம் 10,000 ரூபாய் வரை. இதே சட்டத்தின் 19-ம் பிரிவு, மாவட்டத்துக்குக் குறைந்தது ஒரு முதியோர் இல்லம், 150 பேர் தங்கும்படி என்கிறது. ஆனால் மாநில அரசு “அமைக்கலாம்” என்றுதான் எழுதியிருக்கிறார்கள். செலவு வருகிற இடத்திலெல்லாம் சட்டத்துக்கு இப்படி ஒரு கூச்சம் வந்துவிடுகிறது.

மனநலம் குன்றித் தெருவில் அலைபவரைப் பார்த்தால் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவின்படி அவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் பொது மருத்துவ நிறுவனத்துக்குக் கொண்டுபோக வேண்டியது காவல் துறையின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவருக்கு வறுமைக்கோட்டு அட்டை இல்லாவிட்டாலும் இலவச மனநல சிகிச்சை என்று 18-வது பிரிவு சொல்கிறது. முதியவர்களுக்கான உதவி எண் 14567, சட்ட உதவிக்கு 15100.

அடுத்த கிராம சபைக்குப் போகிறவர்கள் ஒரு வேலை செய்யலாம். ஊரில் மண்டபத்திலும் பள்ளித் திண்ணையிலும் பேருந்து நிழற்குடையிலும் படுப்பவர்களிடம் முன்னதாகப் பேசி, சம்மதம் தருபவர்களின் பெயர்களைத் தீர்மானமாகப் பதிவு செய்யக் கேளுங்கள். தீர்மான நகலில் தலைவர் கையெழுத்தும் ஊராட்சி முத்திரையும் வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு இணைத்துக் கொடுங்கள். மனு எண் போட்ட ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள்.