கடைசிப் பக்கத்தைக் காட்டுங்கள்

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் வீட்டுக்கு வந்ததும் பெற்றோர் என்னிடம் வரத் தொடங்குவார்கள். கூடவே பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கிற பிள்ளை, பையில் புதிதாக வாங்கிய நாலு கோடு நோட்டு. "படிக்கிறதெல்லாம் நல்லாத்தான் படிக்கிறான் மேடம். எழுத்துதான் கோழி கிளறின மாதிரி இருக்கு. பப்ளிக் எக்ஸாமுக்குள்ள மாத்திக் குடுத்துடுங்க." நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பிள்ளைகளின் விரல் வலு, பேனா பிடி, உட்காரும் விதம், எழுதும் வேகம் இவற்றைச் சோதித்துச் சரிசெய்வது என் வேலையில் ஒரு பகுதி. எழுத்தை அழகாக்கும் வகுப்பு நான் எடுப்பதில்லை. இதைச் சொன்னதும் பலருக்கு முகம் சுருங்கிவிடும்.

பதினைந்து வயதுப் பிள்ளையின் எழுத்து பல வருடப் பழக்கத்தில் ஊறியது. இரண்டே மாதத்தில் அதைக் கலைத்து வேறு பாணிக்கு மாற்றப் போனால் முதலில் அடிவாங்குவது வேகம். பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. வினாத்தாள் படிக்க 10 நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடம் போக, எழுத 3 மணி நேரம். திடீரென்று முத்து முத்தாக எழுதப் பழக்கிவிட்ட பிள்ளை இதில் இரண்டு ஐந்து மதிப்பெண் வினாவுக்கு நேரம் இல்லாமல் எழுந்துவந்தால் 10 மதிப்பெண் போச்சு. கோணல் எழுத்தைப் படிக்க யாராவது முயற்சியாவது செய்வார்கள். எழுதாத பதிலை என்ன செய்ய முடியும்?

அப்படியானால் கையெழுத்தால் மதிப்பெண் குறையவே குறையாதா? குறையும். அதை மறைப்பதில் பயனில்லை. ஒரே கட்டுரையைத் தெளிவான எழுத்திலும் கிறுக்கலிலும் எழுதித் திருத்தக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் வெளிநாடுகளில் நிறைய உண்டு. தெளிவான தாளுக்குத்தான் கூடுதலாக விழுகிறது. "கையெழுத்து மோசமா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்கும்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் தேற்றுவார்கள். தாள் திருத்துகிறவருக்குத் தலையெழுத்து தெரியாதே.

ஆனால் எங்கே குறைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பொதுத்தேர்வுத் தாள் திருத்துகிறவர் கையில் விடைக்குறிப்பு இருக்கும். அதில் உள்ள கருத்து உங்கள் பிள்ளையின் பதிலில் இருக்கிறதா என்றுதான் அவர் தேடுவார். அந்தப் பணிக்குப் போய்வந்த ஆசிரியர்களிடம் பேசும்போதெல்லாம் அவர்கள் முதலில் குறை சொல்வது அழகைப் பற்றி அல்ல. வினா எண் தப்பு, ஒரு பதில் முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை, ஐந்து கருத்தையும் ஒரே பத்தியில் திணித்திருக்கிறான், அடித்த இடத்தைக் கறுப்பாகக் குழப்பி வைத்திருக்கிறாள். இவற்றையெல்லாம் ஒரு வாரத்தில் மாற்றிவிடலாம், எழுத்தின் பாணியைத் தொடவே வேண்டாம். இரண்டு பதில்களுக்கு நடுவே இரண்டு வரி இடம், கருத்துக்கு ஒரு வரி, பிழையின் மேல் ஒரே ஒரு கோடு. கட்டுரையும் கடிதமும் எழுதும் மொழிப்பாடத்தில்தான் எழுத்தின் தோற்றம் கொஞ்சம் கூடுதலாகப் பேசும்.

சரி, என்னிடம் வரும் பிள்ளையை நான் எப்படிப் பார்க்கிறேன்? பெற்றோர் வழக்கமாக முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார்கள். நான் கேட்பது கடைசிப் பக்கம். அப்புறம் வேறு பாடங்களின் தாள்கள். முதல் பக்கம் சுமார், கடைசிப் பக்கம் படுமோசம் என்றால் பிரச்சினை கை சோர்வதில் இருக்கிறது. முதலிலிருந்து கடைசி வரை ஒரே மாதிரி குழப்பம் என்றால் எழுத்து வடிவத்தில். கணக்கில் தெளிவு, தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் கிறுக்கல் என்றால் எனக்கு வேறு சந்தேகம் வரும். ல, ள, ழ மூன்றில் எது என்று தெரியாத பிள்ளை, மூன்றுக்கும் பொதுவாக ஒரு கிறுக்கல் போட்டுவிட்டுப் போகும்! இதை ஒப்புக்கொண்ட பிள்ளைகள் பலர். அங்கே கோளாறு எழுத்துப்பிழை பற்றிய பயம். நாலு கோடு நோட்டால் அது தீராது.

வடிவப் பிரச்சினை என்றாலும் மொத்த எழுத்தையும் கைவைக்க வேண்டியதில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, படிக்கத் தடுக்கிய இடங்களை மட்டும் வட்டமிடுங்கள். பெரும்பாலும் நாலைந்து எழுத்துகளே திரும்பத் திரும்ப வரும். தமிழில் முதல் குற்றவாளி 'ர'வும் துணைக்காலும். 'ர'வின் அடியில் வரும் சாய்கோட்டை அவசரத்தில் விழுங்கினால் 'பரப்பு' என்பது 'பாப்பு' ஆகிவிடும். அடுத்தது இரண்டு சுழி 'ன', மூன்று சுழி 'ண'. பிறகு ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும். புள்ளி இன்னொரு தொல்லை: சொல்லை முழுவதும் எழுதிவிட்டுக் கடைசியில் தூவுவதால் பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்காரும். எண்களில் 1, 7 குழப்பமும் 4, 9 குழப்பமும். காலக்கோடு வரைகிற இடத்தில் ஆண்டின் ஓர் இலக்கம் மாறினால் கதை முடிந்தது. இந்த நாலைந்தை மட்டும் தினமும் பத்து நிமிடம், வேகமாக எழுதும்போதே சரியாக வருகிற மாதிரி பழக வேண்டும். நிதானமாக எழுதிப் பழகுவது பரீட்சை ஹாலில் கைகொடுக்காது.

கை சோர்கிற பிள்ளைகள்தான் என்னிடம் அதிகம். அவர்கள் எழுதிய தாளைத் திருப்பிப் பின்பக்கம் தடவிப் பாருங்கள். எழுத்து மேடு தட்டினால் அழுத்தம் அதிகம். எழுதும்போது நகம் வெளுக்கிறதா, கட்டைவிரல் ஆள்காட்டி விரலுக்கு மேல் ஏறிப் பூட்டிக்கொள்கிறதா, நடுவிரலில் காய்ப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒல்லிப் பேனாவை விட்டு, கொஞ்சம் தடித்த, ரப்பர் பிடி உள்ள, லேசாக அழுத்தினாலே எழுதும் பேனாவுக்கு மாறலாம். நீலமோ கறுப்போ, எதுவானாலும் திருப்புதல் தேர்வு முழுவதையும் அதே பேனாவில் எழுதட்டும். புதுப் பேனாவைத் தேர்வன்று கோயிலில் வைத்து எடுத்துவருவது உங்கள் இஷ்டம், ஆனால் அதே ரகமாக இருக்கட்டும். இன்னொன்று, வீட்டில் கட்டிலில் சாய்ந்து மடியில் பரீட்சை அட்டையை வைத்து எழுதுகிற பிள்ளைக்கு மேசையில் மூன்று மணி நேரம் எழுதுவது புது வேலை. கால் தரையில் படும்படி உட்கார்ந்து, எழுதாத கை தாளைப் பிடித்திருக்க, வாரம் ஒரு முழுத் தாளாவது அப்படி எழுத வேண்டும்.

உள்ளங்கை வேர்க்கும் பிள்ளைகளுக்கு மார்ச் வெயில் ஒரு தனிச் சோதனை. தாள் ஈரமாகும், மை பரவும். ஒரு பருத்திக் கைக்குட்டை போதும். ஆனால் அதைத் தேர்வுக்கு முன்பே பழக்கிவையுங்கள், அங்கே போய்த் தேட வேண்டாம். இடது கைக்காரர்களை வலது கைக்கு மாற்ற இன்னும் சிலர் முயல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தாளை வலப்பக்கம் சாய்த்து வைத்தாலே மணிக்கட்டு மடங்காமல் எழுத வரும்.

இதுவரை சொன்னது எதற்கும் மசியாத ஒரு சிறு பகுதி பிள்ளைகள் உண்டு. வாயால் கேட்டால் பாடம் மடமடவென்று வரும். பேனாவை எடுத்தால் நாலு வரிக்கு மேல் நகராது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இருக்காது, ஒரே எழுத்தை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவார்கள், பலகையைப் பார்த்து எழுதுவதே பெரும்பாடு. இவர்களில் பலருக்கு இருப்பது டிஸ்கிராபியா, அதாவது எழுதுவதில் மட்டும் தடுக்கும் கற்றல் குறைபாடு. சோம்பேறி, திமிர் என்று பள்ளியிலும் வீட்டிலும் பத்து வருடம் திட்டு வாங்கியபின் என்னிடம் வருகிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளில் டிஸ்கிராபியாவையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. எழுதும்போது விரல்கள் முறுக்கிக்கொள்ளும் கோளாறு உள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வில் தான் சொல்வதை எழுத ஓர் ஆள் கேட்டு நடத்திய வழக்கில், 40 சதவீதக் குறைபாடு என்ற அளவுகோல் அதற்கு நிபந்தனை ஆகாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வுகளிலும் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் இருக்கின்றன. ஆனால் மருத்துவச் சான்று வாங்கி, பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பம் போய், அனுமதி வந்து சேர மாதங்கள் ஆகும். ஜனவரியில் வருகிறவர்களிடம் நான் என்ன சொல்வது? ஒன்பதாம் வகுப்பிலேயே, முடிந்தால் அதற்கும் முன்பே, சோதித்துப் பாருங்கள். அனுமதி கிடைத்ததும் சொல்லி எழுதவைத்துப் பழகவும் வேண்டும். மனத்தில் இருப்பதை இன்னொருவர் கைக்கு ஏற்ற வேகத்தில் சொல்வது தனியொரு பயிற்சி, பிள்ளைகள் முதல் தடவை அதில் திணறித்தான் போவார்கள்.

தேர்வு முடிந்தபின் 'என் எழுத்து புரியாமல்தான் மார்க் போச்சு' என்று பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை புலம்பினால், விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகல் வந்ததும் அந்தப் பாட ஆசிரியரோடு உட்கார்ந்து, மதிப்பெண் விழாத இடங்களில் பதிலே இல்லையா, இருந்தும் கண்ணில் படவில்லையா என்று வரிவரியாகப் பாருங்கள். மறுகூட்டலா மறுமதிப்பீடா என்பதை அதற்கப்புறம் முடிவு செய்யலாம்.