ஆய்வுக்கூடத்து வரைபடம் தேவகோட்டைத் திரையில்

என் அக்கா மகள் காரைக்குடியில் முதுகலை இயற்பியல் படிக்கிறாள். பொங்கல் விடுமுறைக்குத் தேவகோட்டை வீட்டுக்கு வந்தவளுக்கு ஒரு சிக்கல். சோதனையில் எடுத்த அளவீடுகள் பல ஜிபி அளவுக்கு ஆய்வுக்கூடக் கணினியில் கிடக்கின்றன. அவற்றை வரைபடமாக்கும் மென்பொருளும் அங்கேதான் இருக்கிறது. வீட்டில் இருப்பதோ ஒரு பழைய லினக்ஸ் லேப்டாப்.

"மாமா, அந்த சாஃப்ட்வேரை இங்கே இருந்தே திறக்க முடியுமா?" என்றாள்.

முடியும். வெளியிலிருந்து நுழைய அவளுக்கு ஏற்கெனவே அனுமதி இருந்தது. தொலைவில் உள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் (ssh) கட்டளையோடு, பெரிய எழுத்தில் 'மைனஸ் எக்ஸ்' (-X) சேர்த்து உள்ளே போய், மென்பொருளின் பெயரைத் தட்டினோம். ஓடியது காரைக்குடியில், ஜன்னல் திறந்தது எங்கள் வீட்டு முகப்பில் இருந்த லேப்டாப்பில்.

இதன் வேர் 1984இல் இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடியில் பாப் ஷைஃப்ளர், ஜிம் கெட்டிஸ் இருவரும் 'எக்ஸ்' என்ற ஜன்னல் அமைப்பை உருவாக்கத் தொடங்கினார்கள். இன்றும் நாம் பயன்படுத்தும் 11ஆம் பதிப்பு 1987இல் வந்தது. மென்பொருள் ஒரு கணினியில் ஓட, திரை வேறொரு கணினியில் இருக்கலாம் என்பதுதான் ஆரம்பத்திலிருந்தே அதன் அடிப்படை.

இதைப் புரிந்துகொள்ள, போனில் கோலம் சொல்லிக்கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். காரைக்குடியில் இருக்கும் ஆச்சி, "ஏழு புள்ளி, ஏழு வரிசை. மூணாவது புள்ளியிலேருந்து கீழே இழு" என்கிறார். மாவும் கையும் தரையும் தேவகோட்டையில். கோலம் எதுவும் கம்பி வழியே வரவில்லை, சொல் மட்டும்தான் வந்தது. எக்ஸும் அப்படித்தான். 'இங்கே ஒரு ஜன்னல் திற, இந்த இடத்தில் கோடு போடு, இந்த எழுத்தை எழுது' என்ற கட்டளைகள் வரும். வரையும் வேலையை நம் லேப்டாப்பில் உள்ள எக்ஸ் சர்வர் செய்யும். ஆமாம், சர்வர் இருப்பது நம் பக்கம். திரை, கீபோர்டு, மவுஸ் மூன்றையும் வைத்துக்கொண்டு சேவை தருவது அதுதான். தொலைவில் ஓடும் மென்பொருள் அதன் கிளையண்ட். இந்த இடத்தில் குழம்பாதவர்கள் குறைவு.

முதலில் இந்தப் பேச்சு மறைப்பில்லாமல் வலையில் போய்க்கொண்டிருந்தது. நடுவில் இருப்பவர், தட்டும் கடவுச்சொல்லைக்கூடப் படித்துவிடலாம். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அப்படிக் கடவுச்சொற்கள் திருடப்பட்டதைப் பார்த்து, டாட்டு யுலோனென் 1995இல் எஸ்எஸ்ஹெச் எழுதினார். பேச்சு முழுவதும் பூட்டி 22ஆம் போர்ட் வழியே போகும். போர்ட் என்பது கணினிக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல்.

எக்ஸ் கட்டளைகளும் அதே வழியில் வருகின்றன. அங்குள்ள எஸ்எஸ்ஹெச், தானே ஒரு திரை போலப் பாவனை செய்து, பெரும்பாலும் 6010ஆம் போர்ட்டில் காத்திருக்கும். மென்பொருள் அதைத் திரை என்று நம்பிப் பேசும். பேச்சு பூட்டப்பட்டு நம் லேப்டாப்புக்கு வந்து, உண்மையான எக்ஸ் சர்வரிடம் சேரும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. எக்ஸ் சர்வரிடம் பேச 128 பிட் ரகசியச் சொல் ஒன்று வேண்டும், 'குக்கி' என்பார்கள். எஸ்எஸ்ஹெச் உண்மையான குக்கியை அங்கே அனுப்புவதே இல்லை. போலி ஒன்றைச் செய்து கொடுக்கும். மென்பொருள் அந்தப் போலியோடு வந்து நின்றால், நம் பக்கத்தில் சரிபார்த்து, உண்மையானதை மாற்றி வைத்து உள்ளே விடும்.

அதற்காக முழு நிம்மதி என்று நினைத்துவிடக் கூடாது. இணைப்பு திறந்திருக்கும் வரை, அந்தக் கணினியின் நிர்வாகியால் அதே வழியில் நம் திரையைத் தொட முடியும். மற்ற ஜன்னல்களில் நாம் தட்டுவதைக்கூட ஒட்டுக்கேட்கலாம். கட்டளையில் பெரிய எழுத்து எக்ஸ் (-X) போட்டால் சில கட்டுப்பாடுகள் உண்டு, பெரிய எழுத்து ஒய் (-Y) போட்டால் இல்லை. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் இயல்பான அமைப்பில் எக்ஸ் போட்டாலும் அந்தக் கட்டுப்பாடுகள் வராது. நம்பிக்கையான கணினி என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

அப்புறம் வேகம். ஆச்சி ஒவ்வொரு கோட்டுக்கும் "போட்டாச்சா?" என்று கேட்டு, பதில் வந்தபின்தான் அடுத்ததைச் சொல்கிறார் என்று வையுங்கள். ஒரு பதிலுக்கு 50 மில்லிசெகண்ட் ஆனால், 200 கேள்விக்கு 10 விநாடி. அகலமான இணைப்பு வாங்கினாலும் இந்தக் காத்திருப்பு குறையாது. இன்றைய பிரவுசர் போன்றவை கோடு சொல்வதையும் விட்டுவிட்டு, தாமே வரைந்த படத்தைத் துண்டு துண்டாக அனுப்புகின்றன. அவள் பிரவுசரைத் திறந்து பார்த்தாள், ஊர்ந்தது. வரைபட மென்பொருள் எளிமையானது, அது நன்றாகவே ஓடியது. கட்டளையில் பெரிய எழுத்தில் 'மைனஸ் சி' (-C) சேர்த்து, வரும் தகவலைச் சுருக்கியதும் ஓரளவு உதவியது.

மதியம் கரண்ட் போய், வைஃபை அணைந்தது. எஸ்எஸ்ஹெச் அறுந்தால் அதை நம்பி ஓடிய மென்பொருளும் போச்சு. அரைநாள் வேலை வீண். மாலையில் எக்ஸ்ப்ரா (Xpra) என்ற மென்பொருளை இரு பக்கமும் நிறுவினோம். அது ஆய்வுக்கூடக் கணினியிலேயே ஒரு கற்பனைத் திரையை வைத்து, மென்பொருளை அதில் ஓடவிடும். நாம் எஸ்எஸ்ஹெச் வழியே போய் அதோடு ஒட்டிக்கொள்ளலாம், பிரிந்தும் வரலாம். மறுநாள் மறுபடியும் கரண்ட் போனது. வந்ததும் அவள் இணைத்துப் பார்த்தாள். பாதியில் விட்ட வரைபடம், அதே அச்சுகளோடு அப்படியே நின்றிருந்தது.