டிராஃப்ட்: வரைவா, ஏலமா, முறைத்தெரிவா?

ஜெர்மானியக் கூடைப்பந்து வீரர் டிர்க் நோவிட்ஸ்கி போன்றவர்களைப் பற்றிய தமிழ்க் குறிப்புகளில் “1998 என்.பி.ஏ. வரைவில் ஒட்டுமொத்தமாக 9-ஆவதாக வரையப்பட்டார்” என்கிற பாணி வாக்கியங்களைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது. இது தமிழே அல்ல. அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் அணிகள் புதிய வீரர்களை ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டுக்கு ஆங்கிலத்தில் டிராஃப்ட் என்று பெயர்; அதைத்தான் இப்படி ‘வரைவு’ ஆக்குகிறார்கள்.

டிராஃப்ட்டின் வேர்ப்பொருள் இழுத்தல். கோடு இழுத்தால் வரைபடம், ஆவணத்தின் முதல் படி. கூட்டத்திலிருந்து ஆளை இழுத்தால் படைக்கு ஆளெடுப்பு. விளையாட்டுக்கு வந்தது இந்த இரண்டாவது பொருள்தான். சட்ட வரைவு, வரைவு அறிக்கை என்பவற்றில் குறையே இல்லை. ஆனால் வரைவுக்கு ஆளெடுக்கும் பொருள் எங்கே இருக்கிறது? பழந்தமிழில் வரைவுக்குத் திருமணம் என்றும் பொருள். தலைவியை மணந்துகொள்ளும்படி தோழி தலைவனை வற்புறுத்துவது வரைவு கடாதல். அகராதியில் முதலில் கண்ணில்பட்ட பொருளை அப்படியே ஒட்டிவிடுவதால் வரும் வினை இது.

வரைவைவிடக் கெடுதல் செய்வது ‘ஏலம்’. ஐ.பி.எல். பழக்கத்தில் வந்த சொல். ஏலத்தில் விலை ஏறும், அதிகம் கேட்டவருக்கு வீரர் போவார். என்.பி.ஏ. டிராஃப்ட்டில் விலை கேட்பதே கிடையாது. யார் முதலில் எடுப்பது என்பதற்கு, பிளேஆஃப் எனப்படும் கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுக்கு வராத 14 அணிகளிடையே குலுக்கல் நடக்கும். எண்ணிட்ட 14 பந்துகளில் 4 எடுத்தால் 1,001 சேர்க்கைகள் வரும். ஒன்றைத் தள்ளிவிட்டு 1,000-ஐ அந்த அணிகளுக்குப் பங்கிடுவார்கள். 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 140. குலுக்கல் தீர்மானிப்பது முதல் நான்கு இடங்களை மட்டுமே. மற்றவை தோல்விக் கணக்குப்படி வரிசையாகும். பிறகு இரண்டு சுற்றுகளில் அணிகள் முறைவைத்து ஆளுக்கொருவராக எடுக்கும். முதல் சுற்று வீரரின் சம்பளம்கூட எடுக்கப்பட்ட இடத்துக்குரிய அட்டவணைத் தொகையில் 80 முதல் 120 விழுக்காட்டுக்குள்தான் அமையும். நலிந்த அணிக்கு முதல் வாய்ப்பு என்பதே ஏற்பாட்டின் உயிர். ஏலம் என்றால் அது செத்துவிடும்.

இன்னொன்று. அணிக்குக் கிடைப்பது வீரர் அல்ல, அவரோடு ஒப்பந்தம் பேசும் உரிமை. அந்த உரிமையைக் கைமாற்றலாம். நோவிட்ஸ்கியை எடுத்தது மில்வாக்கி அணி. அன்றே உரிமை டல்லாஸ் அணிக்குப் போனது. 2011 கோப்பை உட்பட 21 பருவங்களும் அங்கேதான், 2019-இல் ஓய்வு பெறும்வரை. ஏலம் என்று எழுதினால் மில்வாக்கி அவரை விலைக்கு வாங்கியதாக வாசகர் நினைப்பார். எடுக்கப்பட்டவர் ஆடியே தீர்வார் என்பதும் இல்லை: 2015-இல் டல்லாஸ் 52-ஆவதாக எடுத்த பஞ்சாபின் சத்னாம் சிங், ஒரு என்.பி.ஏ. ஆட்டம்கூட ஆடவில்லை.

எனவே ‘முறைத்தெரிவு’ என்போம். மடைத் தண்ணீரை முறைவைத்து விடுவதை முறைப்பாசனம் என்கிறோம். அதே ‘முறை’தான் இங்கும். தேர்வு என்றால் பரீட்சை, தேர்தல் என்றால் வாக்குச்சீட்டு நினைவுக்கு வரும். தெரிவில் அந்தக் குழப்பம் இல்லை, இலங்கைத் தமிழில் அன்றாடம் புழங்கும் சொல்லும்கூட. கைமாறுவது தெரிவுரிமை. ‘ஒட்டுமொத்தமாக’ வேண்டவே வேண்டாம்: இரு சுற்றுக்கும் தொடர் எண் என்பதால் ‘52-ஆம் தெரிவு’ போதும். 1996-இல் எந்த அணியும் எடுக்காத பென் வாலஸ், நான்கு முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது பெற்றவர். அவரை ‘வரையப்படாதவர்’ என்று எழுதாதீர்கள், ‘தெரிவாகாதவர்’.