மனசு கனக்கும்போது தன் முகத்தை வரைவது

பீரோ கண்ணாடி முன் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தெரிகிற முகத்தின் விளிம்பைக் கண்ணாடி மேலேயே போர்டு மார்க்கரால் வரையுங்கள். ஸ்கேலால் அளந்தால் நிஜ முகத்தில் சரிபாதிதான் இருக்கும். சற்றுத் தள்ளி நின்று வரைந்தாலும் அதே பாதிதான். தினமும் பார்க்கிற முகம், ஆனாலும் இது நம் கண்ணில் பட்டதில்லை. தன்னைப் பற்றி மனசு வைத்திருக்கும் கணக்கு வேறு, எதிரே இருப்பது வேறு. தன்னுருவ ஓவியம் வேலை செய்வது இந்த இடைவெளியில்தான்.

துக்கம் அடைத்துக்கொண்டால் மனசு ஒரே நினைப்பைத் திரும்பத் திரும்ப அரைக்கும். வரைகிறபோது கவனம் வேறு கேள்விகளுக்குப் போகிறது: எந்தப் புருவம் இறங்கியிருக்கிறது, கண்ணுக்குக் கீழே நிழல் நீலமா பழுப்பா? படத்தில் உள்ள முகத்தின் உணர்ச்சிக்குப் பெயர் சொன்னாலே மூளையில் பயம் போன்ற உணர்ச்சிகளைக் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதி அடங்குகிறது என்று 2007-ல் உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழு ஸ்கேனில் காட்டியது. 2016-ல் கலைச் சிகிச்சை ஆய்வாளர் கிரிஜா கைமல் குழு 39 பேரை 45 நிமிடம் கலைவேலையில் உட்காரவைத்து எச்சிலைச் சோதித்தது. சுமார் முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் இறங்கியிருந்தது. வரைந்து பழகியவர், பழகாதவர் என்ற பேதம் அதில் இல்லை. ஆனால் ஒப்பிட வேறு குழு இல்லாத சிறிய ஆய்வு அது. ஓவியத்தை மருந்தென்று சொல்ல அது போதாது. இரண்டு வாரமாகத் தூக்கமோ பசியோ இல்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள்.

வெளிச்சத்துக்கு வடக்கு ஜன்னல்தான் உசிதம் என்பார்கள். ஐரோப்பாவுக்கு அது சரி. கோவையும் ஈரோடும் சுமார் 11 டிகிரி வட அட்சத்தில் இருக்கின்றன. சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சிவெயிலே நமக்கு வடக்கிலிருந்துதான். காலையிலும் மாலையிலும் அந்த ஜன்னலில் வெயில் சாய்ந்து விழும், முகத்து நிழல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு வெள்ளை வேட்டியைக் குறுக்கே கட்டினால் தீர்ந்தது.

மங்கிய விளக்கில் மட்டும் வேண்டாம். 2010-ல் உளவியலாளர் ஜியோவானி கபுட்டோ 50 பேரை அப்படிப் பத்து நிமிடம் கண்ணாடியை வெறிக்கச் சொன்னபோது, 66 சதவீதம் பேர் தங்கள் முகம் பெரிதும் உருமாறியதாகச் சொன்னார்கள். ஏற்கெனவே கலங்கியிருப்பவருக்கு இது தேவையா? பார்வையைக் கண்ணாடிக்கும் தாளுக்கும் மாற்றிக்கொண்டே இருங்கள்.

ஏ3 அளவில் 300 ஜிஎஸ்எம் கெட்டித் தாள், அக்ரிலிக்கில் டைட்டானியம் வெள்ளை, அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு போதும். பின்னிரண்டையும் கலந்தால் ஏறக்குறைய கருப்பே வரும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆடியில் தட்டில் வைத்த சாயம் சீக்கிரம் ஆடை கட்டிவிடும். ஈரத்துணி மேல் பட்டர் பேப்பர் விரித்து அதில் கலக்குங்கள்.

கண்கள் உச்சந்தலைக்கும் முகவாய்க்கும் நடுவில் வரும். பலர் மேலே ஏற்றிவிடுவார்கள், நெற்றி காணாமல் போய்விடும். கண்ணாடியைப் பார்த்து வரைவதால் இடவலம் மாறினால் மாறட்டும்: ஓவியர் வான் கோ அறுத்துக்கொண்டது இடது காதை, 1889-ல் வரைந்த தன்னுருவ ஓவியத்தில் கட்டு வலது காதில் இருப்பதுபோல் தெரிகிறது.

45 நிமிடத்தில் நிறுத்தி, தாளின் பின்புறம் உணர்ச்சியின் பெயரை எழுதுங்கள். ‘கஷ்டமா இருக்கு’ என்பது போதாது. ஏமாற்றமா, பொறாமையா, வெறும் அசதியா? மறுநாள் அதே தாளில் வாயைத் திருத்த உட்கார்ந்தால் பழைய அரைப்பு திரும்பவும் தொடங்கிவிடும். புதுத் தாள் எடுங்கள்.