நத்தைக்கு உடம்பு சரியில்லையா? முதலில் டப்பாவைப் பாருங்கள்

ஒரு ஜனவரி மாதக் காலை. புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்த நேரம். கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஓர் அப்பாவும் ஏழு வயது மகளும் குன்னூரில் இருக்கும் என் கிளினிக்குக்கு வந்தார்கள். சிறுமியின் கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், அதற்குள் எலுமிச்சம்பழம் பருமனில் ஒரு நத்தை.

"செத்துப்போச்சு டாக்டரம்மா. பத்து நாளா அசையல. பாப்பா நம்பவே மாட்டேங்கிறா. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா தோட்டத்துல புதைச்சிடுவோம்" என்றார் அப்பா.

எடுத்துப் பார்த்தேன். ஓட்டின் வாயை வெள்ளையாக, காய்ந்த அப்பளம் போல ஒரு மூடி அடைத்திருந்தது. மோந்து பார்த்தேன், மண் வாசனைதான் வந்தது. கையில் நல்ல கனமும் இருந்தது. ஒரு தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, ஓட்டின் அடிப்பாகம் மட்டும் நனையும்படி, வாய் மேலே பார்க்க வைத்தேன். மூடியின் மேல் நான்கைந்து சொட்டு விட்டேன். பிறகு வெளியே காத்திருந்த ஒரு நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி போடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மூடியின் ஓரம் நெகிழ்ந்திருந்தது. முதலில் பாதத்தின் நுனி எட்டிப் பார்த்தது. அப்புறம் கீழே இருக்கும் இரண்டு சின்னக் கொம்புகள். கடைசியாக, உள்பக்கம் மடிந்து கிடக்கும் கையுறை விரலை ஊதி நிமிர்த்துவது போல, கண் இருக்கும் பெரிய கொம்புகள் மெதுவாக நீண்டன. சிறுமி அழுதுவிட்டாள்.

குளிரும் வறட்சியும் சேர்ந்து வரும்போது நத்தை சளியால் வாயை அடைத்துக்கொண்டு தூங்கும். நம் மலையில் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை இப்படி நடக்க எல்லா வாய்ப்பும் உண்டு. மூடி போட்ட நத்தை உயிரோடு இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு பாருங்கள். செத்த நத்தை நாறும், அழுகிய மீன் போல, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நாறும். சதை தளர்ந்து வெளியே தொங்கும், தொட்டால் சுருங்காது. நாளாகிவிட்டால் ஓடு காலியாகி லேசாக இருக்கும். இவற்றில் ஒன்றும் இல்லையென்றால் புதைக்காதீர்கள்.

நான் அடிப்படையில் மாடும் நாயும் பார்க்கிற டாக்டர். கல்லூரியில் யாரும் எனக்கு நத்தை வைத்தியம் சொல்லித்தரவில்லை. குழந்தைகள் பாட்டிலிலும் ஐஸ்கிரீம் டப்பாவிலும் கொண்டுவந்த நத்தைகளைப் பார்த்தும், தேடிப் படித்தும் கற்றுக்கொண்டதுதான். அதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று: நத்தைக்கு ஊசி மருந்தால் ஆகிற நன்மை ரொம்பக் குறைவு. என்னிடம் வந்த நத்தைகளில் பெரும்பாலானவற்றின் நோய், அவை இருந்த டப்பாவுக்குள்தான் இருந்தது. அதிலும் நாம் நல்லது என்று நினைத்துப் போட்ட பொருளில்.

அந்தச் சிறுமியின் நத்தையையே எடுத்துக்கொள்வோம். எழுந்த பிறகு ஓட்டின் விளிம்பை நகத்தால் லேசாக அழுத்தினேன், பிளாஸ்டிக் தாள் போல வளைந்தது. முதுகில் அங்கங்கே வெள்ளைக் குழிகள். "எந்த மண் போட்டீங்க?" என்று கேட்டேன். "எங்க டீத்தோட்டத்து மண்தான், நல்லா கருப்பா இருக்கும்" என்றார் அப்பா பெருமையாக. பிரச்சினையே அதுதான். தேயிலைக்குப் புளித்த மண் வேண்டும், பி.எச். 4.5 முதல் 5.5 வரை. மழை கால்சியத்தை எல்லாம் கரைத்துக்கொண்டு போய்விட்ட மண் அது. நம் விவசாயிகள் டோலமைட் தூவுவதே அந்தப் புளிப்பைக் குறைக்கத்தான். நத்தை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். புளித்த ஈரமண்ணில் வைத்தால் வெளியே ஓடு அரிபடும், உள்ளே புது ஓடு கட்டச் சரக்கும் இருக்காது. ஒரே டப்பாவில் இரண்டு மூன்று நத்தை இருந்தால் இன்னொரு அடையாளமும் தெரியும்: பக்கத்து நத்தையின் முதுகில் ஏறி அதன் ஓட்டைச் சுரண்டித் தின்னும். சண்டை என்று நினைத்துப் பிரித்து வைப்பார்கள். அது சண்டை இல்லை, கால்சியப் பசி.

மண்ணை மாற்றுங்கள். தேங்காய் நார்க்கழிவு நல்லது. ஆனால் அதில் உப்பு இருக்கலாம், இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி நன்றாக அலசிப் பிழிந்த பிறகே போட வேண்டும். கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. முட்டை ஓட்டைக் கொதிக்க வைத்து, காயவைத்து, மிக்ஸியில் பொடித்து ஒரு மூலையில் வையுங்கள். அதைவிட எனக்குப் பிடித்தது கடல்நுரை. லவ் பேர்ட்ஸ் கூண்டில் தொங்கவிடுவார்களே, கணவாய் மீனின் அந்த வெள்ளை ஓடு. நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். டப்பாவில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கட்டும். இரவு அமைதியில் காதை வைத்துக் கேட்டால், நத்தை நாக்கால் அதை அராவுகிற சத்தம் சன்னமாகக் கேட்கும், மரத்தில் உப்புத்தாள் தேய்ப்பது போல.

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை மட்டும் வைக்காதீர்கள். அதுவும் கால்சியம்தானே என்று ஒரு தாத்தா வைத்துவிட்டார். நீர்த்த சுண்ணாம்பு காரம், ஈரமான பாதத்தைப் பொசுக்கிவிடும். அந்த நத்தையை என்னால் காப்பாற்ற முடியவில்லை.

மெலிந்த பழைய ஓடு திரும்பத் தடிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். புது ஓடு வாய் விளிம்பில்தான் வளரும். சில வாரம் கழித்து அந்த விளிம்பு கெட்டியாக, நிறமாக வந்தால் நீங்கள் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். வயதான நத்தையின் ஓட்டு நுனி தேய்ந்து வெளுத்திருப்பது சகஜம், அதற்குப் பயப்பட வேண்டாம். மீன் தொட்டியில் நத்தை வளர்ப்பவர்களுக்கும் இதே கதைதான். மலைத் தண்ணீர் பெரும்பாலும் மென்தண்ணீர், அதில் கால்சியம் குறைவு, ஓடு குழி விழும். தொட்டியிலும் ஒரு கடல்நுரைத் துண்டைப் போடுங்கள்.

அடுத்து, விழுந்து உடைவது. நத்தை கண்ணாடியில் ஏறி மூடி வரை போய்விடும், அங்கிருந்து சிமெண்டுத் தரையில் விழும். விளிம்பில் சின்னதாகச் சிதறினால் தானாகவே கட்டிக்கொள்ளும். நடு ஓட்டில் ஓட்டை விழுந்து உள்ளே சதை தெரிந்தால், உடைந்த துண்டுகளைப் பிய்க்காதீர்கள். பச்சை முட்டை ஓட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை உரித்து, ஈரமாக இருக்கும்போதே அந்த இடத்தின் மேல் படிய வைத்தால் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதற்கடியில் நத்தை உள்பக்கத்திலிருந்து புது ஓடு பூசிக்கொண்டு வரும். அதுவரை மண் வேண்டாம், ஈரமான டிஷ்யூ பேப்பர் விரித்துத் தனியாக வையுங்கள், தினமும் மாற்றுங்கள். ஃபெவிகுவிக் சதையில் பட்டால் அவ்வளவுதான், அந்த வேலையே வேண்டாம்.

ஓட்டின் வாயை ஒட்டி ஒரு சதைமடிப்பு இருக்கும், மேன்டில் என்போம். ஓடு கட்டுவது அதுதான். அது விளிம்பிலிருந்து பிரிந்து பின்வாங்கினாலோ, உப்பி வெளியே தள்ளினாலோ ஆபத்து. நத்தையை ஓட்டைப் பிடித்து இழுத்துத் தூக்குவதுகூட இதற்குக் காரணமாகலாம். பாதத்தின் முன்பக்கம் தண்ணீர் விட்டு, விரலை மெல்ல அடியில் செலுத்தி எடுங்கள். முழுவதும் பிரிந்துவிட்ட நத்தை பிழைப்பது அரிது. துன்பத்தை முடிக்கிறேன் என்று உப்பைக் கொட்டாதீர்கள், அதைவிடக் கொடுமையான சாவு அதற்கு இல்லை. டாக்டரிடம் கொண்டுவாருங்கள், வலியில்லாத வழி இருக்கிறது.

இப்போது நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம். ஜூலை மழையில் ஒரு பாட்டி, சளி பிடித்த பேரனுக்கு நீலகிரித் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறார். அவன் அதே கையோடு நத்தையை எடுத்து விளையாடியிருக்கிறான். என்னிடம் வரும்போது அது ஓட்டுக்குள் சுருண்டு, வாய் முழுக்க நுரை தள்ளிக்கொண்டிருந்தது. நத்தையின் தோல் முழுக்க ஈரச்சவ்வு, பட்டதையெல்லாம் உறிஞ்சும். தைலம், சானிடைசர், கொசுவிரட்டிக் கிரீம், எல்லாமே அதற்கு நெருப்பு. வெதுவெதுப்பான தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசிவிட்டேன். இரண்டு நாள் கழித்து வெள்ளரிக்காய் தின்றதாகப் போன் வந்தது. நத்தையைத் தொடும் முன் கையை வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, ஈரக்கையோடு தொடுங்கள்.

இலை பறிக்கும் இடத்தையும் பாருங்கள். தேயிலையில் கொப்புள நோய்க்குத் தாமிர ஆக்சிகுளோரைடு அடிப்பார்கள், காப்பிக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. தாமிரம் நத்தைக்கு விஷம். மீன்களுக்கு விடும் சில மருந்துகளிலும் தாமிரம் உண்டு. முட்டைக்கோஸின் வெளி இலைகளைத் தூக்கிப்போட்டுவிட்டு உள் இலையைக் கழுவிக் கொடுங்கள். தோட்டத்தில் நத்தைக்கொல்லி மாத்திரை போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அதில் பொதுவாக இருக்கும் மெட்டால்டிஹைடை நாய்கள் ஆசையாகத் தின்றுவிடும். உடம்பு உதறி, ஜுரம் கொதிக்க வந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி நடந்தால் ஒரு நிமிஷமும் வீட்டில் காத்திருக்காதீர்கள்.

வெள்ளைப் புள்ளிகள் உடம்பின் மேல் விறுவிறுவென ஓடினால் அது நத்தை உண்ணி. வலப்பக்கம் மூச்சுத்துளை இருக்கும், அங்கே உற்றுப் பார்த்தால் உள்ளே போய்வருவது தெரியும். மனிதருக்கு ஒட்டாது. மண் முழுவதையும் கொட்டிவிட்டு, டப்பாவை வெந்நீரில் கழுவி, நத்தையை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, ஈர டிஷ்யூவில் வையுங்கள். முட்டைகள் பொரித்து மறுபடி வரும் என்பதால் சில வாரம் இதையே செய்ய வேண்டும். நாய்க்கு விடும் உண்ணி மருந்தைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். சாணம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறதே, ரத்தமா என்று கேட்டு வருகிறார்கள். ஊட்டி கேரட் தின்றால் ஆரஞ்சாகத்தான் போகும்.

குளிருக்கு ஒரு வார்த்தை. நம் வீடுகளில் இருக்கும் பெரிய நத்தை ஆப்பிரிக்க நத்தை. 1847இல் மொரிஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து பரவிய இனம். அதற்கு 20 டிகிரிக்கு மேல் வேண்டும். டப்பாவைக் கம்பளியில் சுற்றி, வெந்நீர்ப் பையை வெளிப்பக்கமாக ஒட்டி வையுங்கள். கரியடுப்புப் பக்கமோ ஹீட்டர் முன்போ வேண்டாம், காய்ந்துபோகும். முட்டைகளை ஒரு முழு நாள் ஃபிரீசரில் வைத்த பிறகே குப்பையில் போடுங்கள். ஒரு தடவைக்கு நூறு, இருநூறு இடும். சலித்துப்போனாலும் தோட்டத்திலோ சோலையிலோ விடவே கூடாது. அது பயிரைத் தின்னும், மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய நத்தைகளின் இடத்தையும் பிடித்துக்கொள்ளலாம். அதேபோல் சோலையிலிருந்து நத்தை பிடித்துக்கொண்டு வரவும் வேண்டாம்.

குழந்தைகள் நத்தையைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவியே ஆகவேண்டும். எலியிடமிருந்து நத்தைக்கு வரும் ஒரு புழு மனிதர் வயிற்றுக்குள் போனால் மூளைக்காய்ச்சல் வரை கொண்டுவிடும். முத்தம் கொடுப்பது, முகத்தில் ஊர விடுவது எதுவும் வேண்டாம். மூலத்துக்கு நல்லதென்று யாராவது பச்சையாக விழுங்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

மூன்று நாளுக்கு மேல் சாப்பிடாமல், வெதுவெதுப்பான தண்ணீருக்கும் அசையாமல் இருந்தால் கொண்டுவாருங்கள். பாட்டில் வேண்டாம், காற்றுத்துளை போட்ட டப்பாவில் ஈரத்துணி விரித்து எடுத்து வாருங்கள். கூடவே அது இருந்த மண்ணில் இரண்டு ஸ்பூன், கடைசியாகத் தின்ற இலையில் ஒன்று, இரண்டையும் தனித்தனிக் கவரில் போட்டுக் கொண்டுவந்தால் நான் முதலில் அவற்றைத்தான் பார்ப்பேன்.