14 கேள்விகள், ஒரு பெஞ்ச்

ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், வளாகத்தில் ஒரு மர பெஞ்ச் போட்டிருக்கும். அதில் உட்கார்ந்திருக்கும் பாட்டிதான் அங்கே மனநல ஆலோசகர். ‘நட்பு பெஞ்ச்’ என்ற இந்தத் திட்டத்தை மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-ல் ம்பாரே பகுதியில் 14 பாட்டிகளோடு தொடங்கினார். எச்.ஐ.வி. குடும்பங்களைச் சிதைத்துக்கொண்டிருந்த காலம் அது. அதற்கு முந்தைய ஆண்டு அரசு நடத்திய குடியிருப்பு இடிப்பில் சுமார் 7 லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இழந்திருந்தார்கள். மனநல மருத்துவர்களோ நாடு முழுவதற்கும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள்.

வேலை 14 கேள்விகளில் தொடங்குகிறது. எல்லாமே கடந்த ஒரு வாரத்தைப் பற்றியவை, ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்றால் போதும். எதையெதையோ நினைத்து மருகினீர்களா? தூக்கம் கெட்டதா? சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தீர்களா? வயிறு வலித்ததா? வேலை பின்தங்கியதா? முடிவெடுக்கத் திணறினீர்களா? ‘மனச்சோர்வு’ என்ற சொல்லையே எடுப்பதில்லை. ஷோனா மொழி பேசும் மக்கள் தங்கள் துயரத்தை எப்படிச் சொல்கிறார்களோ, அதிலிருந்து உருவான பட்டியல் இது. இதன் முதல் வடிவத்தை 1990-களில் உருவாக்கிய குழுவில் மனநல மருத்துவர் விக்ரம் படேல் இருந்தார். பிறகு கோவாவில் ‘சங்காத்’ என்ற மனநல அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர்.

தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால், மற்ற பதில்கள் எப்படியிருந்தாலும் பாட்டி தனியாகச் சமாளிக்கக் கூடாது. மேற்பார்வையாளரிடமோ மருத்துவரிடமோ உடனே ஒப்படைக்க வேண்டும். (இந்தியாவில் இந்த நிலையில் இருப்பவர்கள் 14416-ஐ அழைக்கலாம், கட்டணமில்லை.)

ஓயாமல் நினைத்து மருகுவதை ஷோனாவில் ‘குஃபுங்கிசிசா’ என்கிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் வேலை போகிறது, வாடகை நிற்கிறது, மாத்திரை தீர்கிறது, உறவினர் இறக்கிறார். மனம் இவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதால் எதையும் முடிக்க முடிவதில்லை. முடியாததால் கவலை கூடுகிறது, கவலை கூடக்கூட உடம்பும் தளர்கிறது. பெஞ்சில் நடப்பது இந்தச் சுழலை அறுக்கும் வேலை.

அதற்கு மூன்று கட்டங்கள். முதலில் மனதைத் திறத்தல்: எல்லாப் பிரச்சினைகளையும் வாய்விட்டுச் சொல்ல வைத்து, அவற்றில் ஒன்றை மட்டும் அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்வது. அடுத்து தூக்கிவிடுதல்: அந்த ஒன்றுக்குத் தீர்வு வழிகளைத் தேடி, ஒரு திட்டம் போடுவது. மூன்றாவது, அதைச் செய்யும்படி திடப்படுத்துதல். ஆறு அமர்வுகள்வரை இது தொடரும்.

பிசகுவது பெரும்பாலும் திட்டத்தில்தான். ‘வாடகைப் பிரச்சினையைத் தீர்க்க வேண்டும்’ என்பது திட்டமல்ல. ‘நாளை காலை 10 மணிக்கு வீட்டுக்காரரைப் பார்த்து, பாதியை இப்போதும் மீதியை அடுத்த மாதமும் தரலாமா என்று கேட்பேன்’ என்பதுதான் திட்டம். அவர் வீட்டில் இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். மரணம் தீர்க்கக்கூடிய பிரச்சினையல்ல. ஆனால் அது விட்டுச்சென்ற கடன், குழந்தையின் பள்ளிக் கட்டணம், பாதியில் நின்ற சடங்கு ஆகியவற்றுக்கு அடி எடுத்து வைக்க முடியும்.

இன்னொரு பிழை, புத்தி சொல்வது. வயதும் அனுபவமும் உள்ளவர்களுக்கு இதை அடக்குவது கடினம்; பயிற்சியின் பெரும்பாடு இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. பாட்டி சொன்ன வழி பலிக்காவிட்டால் வந்தவர் திரும்பி வருவதில்லை. பலித்தாலும் அடுத்த சிக்கலுக்கும் பாட்டியைத்தான் தேடுவார். அவரே கண்டுபிடித்த வழி சின்னதாக இருந்தாலும், செய்து முடித்ததும் ‘என்னால் ஆகும்’ என்ற பிடிப்பு வருகிறது. குணமாவது அந்தப் பிடிப்பால்.

ஹராரேயின் 24 சுகாதார நிலையங்களில் 573 பேரிடம் நடந்த ஆய்வு 2016 இறுதியில் வெளியானது. 9 கேள்விகளுக்கு மேல் ‘ஆம்’ என்றவர்களும் சரியாக 9 என்றவர்களும் சேர்க்கப்பட்டார்கள். ஆறு மாதம் கழித்து, பெஞ்சில் அமர்ந்தவர்களின் ‘ஆம்’ பதில்களின் சராசரி 3.81, மேம்படுத்தப்பட்ட வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு 8.90. பங்கேற்றவர்களில் 86 சதவீதத்தினர் பெண்கள் என்பதால், ஆண்களுக்கும் இதே பலன் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

தனி அமர்வோடு இது முடிவதில்லை. விரும்பியவர்கள் ‘குபதானா தோசே’ என்ற வட்டத்தில் சேர்கிறார்கள். அங்கே பேசிக்கொண்டே, பழைய பிளாஸ்டிக்கிலிருந்து பை பின்னுகிறார்கள். கைக்கு வேலை இருந்தால் வாய் எளிதில் திறக்கிறது. விற்கும் பையால் கொஞ்சம் காசும் வருகிறது. பிழைப்பு போனதே பிரச்சினையாக இருக்கும்போது இந்தக் காசும் மருந்துதான்.

2020 மார்ச் 30-ல் ஜிம்பாப்வேயில் கோவிட் ஊரடங்கு தொடங்கியதும் பேச்சு தொலைபேசிக்கும் வாட்ஸ்அப்புக்கும் மாறியது. முறை அதேதான், இடையூறுகள் வேறு. ஒரே அறையில் குடும்பமே இருக்கும்போது மனதைத் திறக்க முடியாது. அதனால் ‘பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?’ என்று முதலிலேயே கேட்பது நல்லது. இருந்தால் ஆம்-இல்லை கேள்விகளை மட்டும் முடித்துவிட்டு, மீதிப் பேச்சுக்கு வேறு நேரம் குறிக்கலாம். தொலைபேசியில் கண்ணீர் தெரியாது. மௌனம் நீண்டால், இணைப்பு போய்விட்டதா அழுகிறாரா என்று கேட்டுத்தான் அறிய வேண்டும். அழைப்பு அறுந்தால் யார் திரும்ப அழைப்பது என்பதையும் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இருவரும் ஒரே நேரத்தில் அழைத்து, இருவருக்கும் ‘பிஸி’ என்றே வரும். போனில் காசு மிச்சமில்லாதவர் திரும்ப அழைக்கவே மாட்டார்.