கீழ்த்தளத்தில் தொடங்கிய அருங்காட்சியகம்

மார்கரெட் பரோஸ் சிகாகோவில் பள்ளி ஆசிரியை; ஓவியரும்கூட. அவரும் கணவர் சார்லஸும் தாங்கள் சேர்த்த ஓவியங்கள், புத்தகங்கள், கலைப்பொருட்களை சவுத் மிச்சிகன் அவென்யூ வீட்டின் கீழ்த்தளத்தில் வைத்து, 1961இல் அதையே கறுப்பின வரலாற்று அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார்கள். ஒருகாலத்தில் கறுப்பின ரயில்வே தொழிலாளர்கள் தங்கிய கட்டடம் அது. குடியிருக்கிற வீட்டுக்குள் பள்ளிப் பிள்ளைகள் வந்து போய்க்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? நான் இரண்டு நாள் தாங்கமாட்டேன்.

1968இல் அதற்கு டூசாபிள் என்று பெயர் மாற்றினார்கள். சிகாகோவில் பழங்குடியினர் அல்லாதவர்களில் முதலில் நிலையாகக் குடியேறிய கறுப்பின வணிகரின் பெயர் அது. 1973இல் சிகாகோவிலேயே இருக்கும் வாஷிங்டன் பூங்காவில் பெரிய கட்டடத்துக்குப் போனது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

பழைய தாள்களையும் படங்களையும் செப்பனிடுவது என் தொழில். சேகரிப்பாளர் இறந்த பிறகு பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். படத்தில் இருப்பது யார், கடிதம் யாருக்கு எழுதியது, எதுவும் தெரியாது. தாளை என்னால் ஒட்ட முடியும், அந்தத் தகவலை ஒட்ட முடியாது. அருங்காட்சியகம் முதலில் கேட்பதும் அதைத்தான்: இது யாரிடமிருந்து யார் கைக்கு வந்தது?

அடிமைத்தளையிலிருந்து தப்பி, பிறகு பலரைத் தப்பவைத்த ஹாரியட் டப்மனுக்கு விக்டோரியா மகாராணி 1897 வாக்கில் ஒரு சால்வை அனுப்பினார். அது டப்மனின் உறவினர் வழியாக சார்லஸ் பிளாக்சன் என்ற சேகரிப்பாளரிடம் வந்தது. 2010இல் அவர் அதை, டப்மனின் மற்றப் பொருட்களோடு, தலைநகர் வாஷிங்டனில் உருவாகிக்கொண்டிருந்த, அமெரிக்காவின் தேசிய அருங்காட்சியக அமைப்பான ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். கை மாறிய வழி தெரியாவிட்டால் அது வெறும் பழைய சால்வை.

அந்த அருங்காட்சியகம் சேகரிப்பு என்று எதுவுமே இல்லாமல் தொடங்கியது. அதனால் 2008 முதல், சிகாகோவில் ஆரம்பித்து, ஊர் ஊராகப் போய், வீட்டில் இருப்பதைக் கொண்டுவாருங்கள் என்று மக்களைக் கூப்பிட்டார்கள். வல்லுநர்கள் பார்த்து, அது என்ன, எப்படிப் பாதுகாப்பது என்று சொல்லித்தந்தார்கள். பொருளை வாங்கிக்கொள்வது நோக்கமில்லை. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

சரி, உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கலாம். தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் பிரிப்பது மிகக் கஷ்டம். செலோ டேப்பும் வேண்டாம், அதன் பசை பழுப்புக் கறையாக ஊறிவிடும். துருப்பிடிக்கும் பின், கிளிப்பைக் கழற்றுங்கள். பரண் வேண்டாம், வெயில் காலத்தில் அது அடுப்பு மாதிரி. ஈரச் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். ராமபாணப் பூச்சிக்கு அந்த ஈரம்தான் வேண்டும். படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் தடம் விழும். மெல்லிய பென்சிலால் ஓரத்தில் எண் மட்டும் போட்டு, விவரத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள்.

அப்புறம், ஒரு நிறுவனத்துக்குக் கொடுப்பதென்று முடிவானால் எழுத்தில் கொடுங்கள். அன்பளிப்பா, இரவலா? படியெடுக்கும் உரிமை யாருக்கு? வேண்டாமென்று ஒதுக்கினால் குடும்பத்துக்குத் திரும்ப வருமா? மூன்றையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.